வெறுங்கை ஆட்டம்

ஏப்ரல் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையை எவன் கண்டுபிடித்தானோ, என் கையில் கிடைத்தால் மரத்துப்போகும் ஊசி போடாமல் அவன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவேன். கிளினிக் கிடையாது. டிவி முன்னால் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தால், "மறுபடியும் எங்க கெளம்பிட்டிய?" என்று என் வீட்டுக்காரி பகவதி கேட்கிறாள். உட்கார்ந்தால், "அந்தக் கையை வச்சுக்கிட்டு சும்மாதான் இருங்களேன்" என்கிறாள். என் வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பீடி சுற்றுவதுபோல ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தனவாம். அது ஒரு பழக்கம். யோசிக்கும்போது சிலர் மீசையைத் தடவுவதில்லையா?

நடந்துவிட்டு வருகிறேன் என்று பூங்காவுக்குப் போனேன். அமெரிக்காவில் இந்தச் சின்சினாட்டிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. தொப்பையும் தாடியுமாகப் பதினைந்து இருபது ஆண்கள், முழங்கால் வரை கால்சட்டை, அதற்குக் கீழே நீலக் காலுறை, நெஞ்சில் பெரிய எழுத்து தைத்த கம்பளிச் சட்டை. பேஸ்பால்தான் ஆடுகிறார்கள், ஆனால் ஒருத்தன் கையிலும் கையுறை இல்லை. பந்து போடுகிறவன் கையைக் கீழிருந்து வீசிப் போடுகிறான். வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றபோது ஒரு பந்து மட்டை விளிம்பில் பட்டு நேரே என் முகத்துக்கு வந்தது. யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துவிட்டேன்.

மைதானத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகக் கைதட்டினார்கள். அவர்களுடைய கேப்டன் எர்ல் ஓடி வந்தார். லாரி ஓட்டுகிறவர், ஆறடி உயரம். "சார், எங்க கத்துக்கிட்டீங்க இதை?" என்றார்.

நாகர்கோவிலில் ஆரம்பித்து மதராஸ் பல் மருத்துவக் கல்லூரி வரை விக்கெட் கீப்பிங் செய்தவன் என்று சொன்னேன். எர்லுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 1869-இல் எப்படி ஆடினார்களோ அப்படியே ஆடுகிற கழகமாம், மில் க்ரீக் கழகம். அந்த வருஷம்தான் இந்த ஊரில் முதல்முதலாக ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஓர் அணி கிளம்பியதாம். இது நூற்றைம்பதாவது ஆண்டு. மட்டைக்காரருக்குப் பின்னால் நிற்கிற கேட்சர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். வெறுங்கையோடு அங்கே நிற்க எவன் வருவான்?

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். பகவதி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "அம்பத்தொரு வயசுல, பல் டாக்டரு, கையை வச்சுப் பொழைக்க மனுசன். உங்களுக்கு என்ன கிறுக்கு புடிச்சிருக்கா?"

நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பகவதி மாங்காய்ப் பச்சடியும் பாயசமும் வைத்திருந்தாள். "நெய்ல முந்திரி வறுத்த வாசம் தெரு வரைக்கும் போகுது, ஒரு வார்த்தை சொல்றியளா?" என்று கேட்டாள். பிரமாதம் என்றேன். எனக்கு இந்த வருஷம் ஜலதோஷம் விட்டபாடில்லை.

மாலை முதல் பயிற்சி. முகமூடி கிடையாது, மார்க்கவசம் கிடையாது. அந்தக் காலத்துக் கேட்சர்கள் பல்லைக் காப்பாற்ற வாயில் ஒரு ரப்பர் துண்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்களாம். அதைக் கேட்டதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் தொழிலுக்கு எவ்வளவு பெரிய வருமானத்தைக் கெடுத்திருக்கிறார்கள்! எர்ல் எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். கடித்துக்கொண்டு நின்றேன். பேச வேண்டிய அவசியமே இல்லை, அதுவும் ஒரு நிம்மதி.

ஏப்ரல் 15, திங்கள்

இரண்டு உள்ளங்கையும் இட்லி மாதிரி வீங்கியிருக்கின்றன. பரம சந்தோஷம். உதவியாளர் டெனீஸ், "கை என்னாச்சு டாக்டர்?" என்று கேட்டாள். "பேஸ்பால்" என்றேன். ஒரே வார்த்தை. எவ்வளவு வசதியான வார்த்தை!

மே 5, ஞாயிறு

நூலகத்திலிருந்து தலையணை மொத்தத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். கழகத்தில் எல்லோரும் வரலாறு பேசுகிறார்கள், நான் மட்டும் மரம் மாதிரி நிற்க முடியுமா?

ஒரு விஷயம் மிகவும் பிடித்தது. அதற்கு முன்னாலும் ஆட்டக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கமுக்கமாக. ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா என்று பேருக்கு ஒரு வேலை, பந்து ஆடுவதுதான் நிஜ வேலை. கேட்டால், ஐயோ நாங்கள் கௌரவத்துக்கு ஆடுகிறோம் என்பார்கள். எல்லோருக்கும் தெரியும், எவனும் சொல்ல மாட்டான். சின்சினாட்டிக்காரர்கள்தான், ஆமாம், இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம், இப்போது என்ன, என்று போட்டு உடைத்தார்கள். போட்டு உடைத்த அந்த வருஷம் முழுக்க அவர்களை ஒருவராலும் தோற்கடிக்க முடியவில்லை. புதிதாகப் போட்ட ரயிலில் ஏறிச் சான் பிரான்சிஸ்கோ வரை போய் ஆடி ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

இதைப் பகவதியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்க ஊசி பிடித்தாலும் அவள் கை இம்மி அசையாது. சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள், "எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்த எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். அவள் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

மே 19, ஞாயிறு

முதல் ஆட்டம். இந்தியானாவிலிருந்து வந்த அணியோடு. ஜெயித்தோம். உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும்தான்.

இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கிறது, அதை எழுதியே ஆக வேண்டும். அம்பயர் ஒரே ஒருத்தர். எங்களுக்கு வெண்டல் என்று ஒரு கிழவனார், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். நீளத் தொப்பியும் கைத்தடியுமாக ஓரமாக நிற்பார். அவர் கண்ணுக்கு ஏதாவது தப்பிவிட்டால் ரீப்ளே கிடையாது, மண்ணாங்கட்டி கிடையாது. சம்பந்தப்பட்ட ஆட்டக்காரனையே கூப்பிட்டு, "ஐயா, என்ன நடந்தது?" என்று கேட்பார். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் சொல்வதுதான் தீர்ப்பு. எதிர் அணி மறுபேச்சுப் பேசாது.

இன்றைக்கு எர்ல் இரண்டாவது பேஸுக்கு, ஓடுகிறவன் தொட வேண்டிய இரண்டாவது திண்டுக்கு, சறுக்கி விழுந்தார். ஒரே புழுதி, வெண்டலுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டார். எர்ல் தொப்பியைக் கழற்றி, "நான் அவுட், ஐயா. அவங்க ஆள் பந்தால என்னை முதல்ல தொட்டுட்டார்" என்றார். எல்லோரும் அவரைப் பாராட்டி, அந்தக் காலத்துப் பாணியில் மூன்று முறை ஹுஸா என்று கத்தினார்கள்.

பகவதி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வரும் வழியில் காரில், "நம்ம ஊரா இருந்தா அந்தக் கெழவனத் தொப்பியோட தூக்கிட்டுப் போயிருப்பானுவ" என்று சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நல்ல பழக்கமாக்கும்" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று இடது கை மோதிர விரலின் நுனியில் பந்து நேராக வந்து குத்தியது. கணு விலகிவிட்டது. வெண்டலே பிடித்து இழுத்துச் சரி செய்தார். நட்சத்திரம் தெரிந்தது. இப்போது விரலில் பெரிய கட்டு. அதை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறேன், கடைக்காரனிடம்கூட.

புத்தகத்தில் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் வயதான கைகளைப் பற்றி எழுதியிருக்கிறது. இஞ்சிக் கிழங்கு மாதிரி ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு திசைக்குப் போகுமாம். 1870-களில் யாரோ ஒருவர் வலி பொறுக்காமல் கையுறை போட்டுக்கொண்டு வந்தாராம். பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று தோல் நிறத்திலேயே! கண்டுபிடித்துவிட்டார்கள். கேலி பண்ணினார்களாம். பாவம். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டால் என்ன? அசட்டு மனுஷன்.

ஜூன் 22, சனி

மழை. ஆட்டம் இல்லை. பகவதி கடைக்குப் போகச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தாள். "இது என்ன எழுத்தா, எறும்பு போற வரிசையா? உளுந்துல ஆரம்பிச்சுப் புளிக்கு வரும்போது கண்ணுக்கே தெரியலையே." பேனா சரியில்லை. நாளைக்கு நல்ல பேனா வாங்க வேண்டும்.

அவள் போனதும் பால் அடுப்பில் இருந்ததை மறந்தே போனேன். அவள் கதவைத் திறக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். பாத்திரத்தின் அடி கரிக்கட்டையாகியிருந்தது. நான் அதே சமையலறையில் உட்கார்ந்துதான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"வாசனையே வரலையா?"

"ஜலதோஷம்னு சொன்னேன்ல."

"சித்திரையிலேர்ந்து ஜலதோஷமா? ஒரு தும்மலாவது தும்மியிருக்கியளா?"

பாத்திரம் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. தேய்த்தேன்.

ஜூலை 11, வியாழன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலையில் ஒரு வயதான அம்மாளுக்குப் பல் உறை பொருத்த வேண்டியிருந்தது. ஆயிரம் தடவை செய்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இடுக்கியில் உறையைப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோனேன். விரல்களுக்கு, திரும்பு என்று சொன்னேன். அவை திரும்புவதற்கு ஒரு கணம் தாமதமானது. உறை நழுவி நாக்கின் அடியில் விழுந்து தொண்டைப் பக்கம் உருண்டது. டெனீஸ் சட்டென்று அந்த அம்மாளின் தலையைத் திருப்பி, உறிஞ்சு குழாயை நுழைத்து எடுத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. டெனீஸ் இல்லாவிட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும்.

நான் என்ன செய்தேன்? டெனீஸைப் பார்த்துக் கத்தினேன். விளக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதா என்று. விளக்கு சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு வருஷமாக என்னோடு வேலை செய்கிறவள். "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்களேன், டாக்டர்" என்றாள்.

"பேஸ்பால்தான். விரல்ல பந்து பட்டதிலேருந்து பிடிப்பு சரியில்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாள். "பந்து பட்டது இடது கையில, டாக்டர்" என்றாள். "உறையை நழுவ விட்டது வலது கை."

ஜூலை 12, வெள்ளி

நாலு பேரை வேறொரு பல் டாக்டரிடம் அனுப்பினேன். எனக்கு நேரமே இல்லை, மூச்சு விட முடியவில்லை என்று சொன்னேன். அப்புறம் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 20, சனி

பகவதிக்கு ஞாபகசக்தி அதிகம். இந்த வீட்டின் பிரச்சினையே அதுதான்.

காலையில் காப்பி கொடுக்கும்போது அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போய் நீலமாக இருந்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன்.

"நீங்கதான். தூக்கத்துல எதையோ பாஞ்சு புடிச்சிய. வாய்விட்டுக் கத்துனிய. இது எத்தனாவது தடவைன்னு தெரியுமா?"

"அந்தப் பந்தேதான் கனவுலயும் வருது. ஆட்டம் முடிஞ்சா சரியாயிரும்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். "இஞ்ச பாருங்க. பந்து புடிக்கப் போனது சித்திரையில. கை ஆடுனது தைப்பொங்கல் அன்னைக்காக்கும். பானையில நீங்க கிண்டிக்கிட்டு இருந்திய. கிண்டுறத நிறுத்திட்டுக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னிய பாருங்க, அப்பம் அந்தக் கரண்டி பானை விளிம்புல கிணுகிணுன்னு தட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் திரும்பிப் பாத்தேன். நீங்களும் பாத்திய. பாத்துட்டுக் கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டிய."

நான் காப்பி டம்ளரை மேசையில் வைத்தேன்.

"பந்தால கை கெட்டுப்போச்சுன்னு ஊருக்குச் சொல்றதுக்குத்தான் அந்த ஆட்டத்துக்கே போனியளோன்னு எனக்குத் தோணுது."

என்ன பேச்சு இது! கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சா? அதோடு விடவில்லை. அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் என் பேரைக் கொடுத்துவிட்டாளாம், செப்டம்பர் ஐந்தாம் தேதிக்குத்தான் இடம் கிடைத்ததாம். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று கத்தினேன். "யாரைக் கேக்கணும்? எனக்கு இருக்கது ஒரு புருசன்" என்று அவளும் கத்தினாள். அப்புறம் அழுதாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பல் டாக்டரும் டாக்டர்தான். கல்லூரியில் படித்த பாடம்தான். இரண்டு விரல் இப்படி உரசிக்கொள்வதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இப்போது வீட்டில் "சாப்பாடு எடுத்து வச்சாச்சு", "சரி" என்ற அளவில்தான் பேச்சு. இருப்புக் கொள்ளாமல் காரை ஓட்டிக்கொண்டு யூனியன் டெர்மினலுக்குப் போனேன். பழைய ரயில் நிலையம். அதன் முன்னால் பெரிய நீரூற்று. 1869-இல் அந்த அணி ஆடிய மைதானம் அங்கேதான் இருந்ததாம். சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "அந்த மாமா ஏன் ஒரு கையை மட்டும் வீசி நடக்கிறார்?" என்று சத்தமாகவே கேட்டாள். அந்த அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருஷக் கதையையும் வாசித்துவிட்டேன். 1870 ஜூனில் ப்ரூக்ளினுக்குப் போனார்கள், கூடுதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள். அதற்கப்புறமும் நிறைய ஆட்டங்களில் ஜெயித்தார்கள். ஆனால் தோற்றுவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே! ஊர்க்காரர்கள் வருவது குறைந்தது. அந்த வருஷத்தோடு, இனிமேல் சம்பளம் கொடுக்க முடியாது என்று அணியையே கலைத்துவிட்டார்கள். ஒருத்தன் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தால் ஊர் எவ்வளவு நாள் அவனிடம் வரும்? இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பல் பிடுங்குவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 23, வெள்ளி

நாளைக்கு நூற்றைம்பதாவது ஆண்டுப் பெரிய ஆட்டம். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். பொத்தான் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது பொத்தானில் கை நின்றுவிட்டது. பகவதி வந்து மீதியைப் போட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

கூட்டமான கூட்டம். பள்ளிக்கூட பாண்டு வாத்தியம், எலுமிச்சை ஜூஸ், நீளப் பாவாடை கட்டிய பெண்கள். டெனீஸ் கணவரோடு வந்திருந்தாள். பகவதி முன் வரிசையில், பச்சைப் புடவையில். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னால் இருக்கிறோம். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தர் போனால் ஆட்டம் எங்களுக்கு. ஆனால் இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆட்கள் நிற்கிறார்கள். நான் மட்டைக்காரருக்கு மிகக் கிட்டத்தில், வாயில் ரப்பரைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். 1869 விதிப்படி மட்டையில் பட்டுப் பின்னால் வருகிற பந்தைத் தரையில் ஒரு குத்துக்குள் பிடித்துவிட்டால் அவுட்.

அதேதான் வந்தது. மட்டை விளிம்பில் பட்டு என் இடது பக்கம் போய் ஒரு குத்துக் குத்தி எழும்பியது. பாய்ந்தேன். வெண்டலுக்கு என் முதுகுதான் தெரியும். பந்து வலது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சூடு, அந்தச் சத்தம், எல்லாம் சரியாக இருந்தது. மூடு என்றேன். விரல்கள் மூடவில்லை. பந்து சாவகாசமாக உருண்டு புல்லில் விழுந்தது. நான் அதன் மேலேயே விழுந்து, இடது கையால் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

எழுந்தால் ஊரே ஆடுகிறது! எர்ல் என்னைத் தூக்கிச் சுற்றினார். பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. என் கையில் பந்து இருக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் வெண்டல் கைத்தடியை உயர்த்தினார். மெதுவாக நடந்து வந்தார்.

"டாக்டர், எனக்கு உங்க முதுகுதான் தெரிஞ்சுது. பிடிச்சீங்களா?"

சத்தம் அடங்கிவிட்டது. நான் ரப்பரை வாயிலிருந்து எடுத்தேன். தொப்பியைக் கழற்றினேன். கழற்றி வலது கையில் பிடித்துக்கொண்டேன், வேறு எந்தக் கையில் பிடிக்க, இடது கையில் பந்து இருக்கிறதே. தொப்பியின் விளிம்பு நடுங்க ஆரம்பித்தது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. முன் வரிசையில் பகவதி எழுந்து நின்றுவிட்டாள்.

பிடித்தேன் என்று சொன்னால் முடிந்தது. ஒருத்தரும் மறுக்க மாட்டார்கள். அதற்குத்தான் அந்தப் பழக்கமே.

"இல்லைங்க" என்றேன். சத்தம் வரவில்லை. இப்போதெல்லாம் என் குரல் மேலே எழும்புவதில்லை. வெண்டல் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார். மறுபடி உரக்கச் சொன்னேன். "பிடிக்கல. பந்து கையில வந்துச்சு. கை மூடல."

மூடவில்லை என்று சொன்ன பிறகு வாய் நிற்க மாட்டேன் என்கிறது. "பந்து பட்டதால இல்ல. ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு" என்றும் சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள் அதை? யாரும் கேட்கவில்லை. வெண்டல் என் தொப்பியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நாட் அவுட்" என்றார்.

அப்புறம் ஊர் முழுக்க ஹுஸா. என்னவோ நான் ஹரிச்சந்திரன் என்று. எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த பந்தை அந்த மட்டைக்காரர் தூக்கி அடித்தார், இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள், தோற்றோம். எர்ல் வந்தார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார், அவ்வளவுதான். டெனீஸ் தூரத்திலிருந்து தலையை அசைத்தாள்.

காரில் சாவியைப் பகவதியிடம் கொடுத்தேன். பாதி வழி வந்திருப்போம். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, "அஞ்சாம் தேதி எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

"பத்தரைக்கு" என்றாள். விளக்கு பச்சையானதும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவளுக்குக் கண் தெரியவில்லை, துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கிளினிக்கில் டெனீஸை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், விளக்கு விஷயத்துக்கு. டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை ஒருவர் வாயிலும் நான் கை வைக்கப் போவதில்லை. மாலையில் அழுக்குச் சட்டையைத் துவைத்தேன். புல் கறை போகவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

நரம்பு டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். விரல்களைத் தட்டச் சொன்னார். தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். காப்பிப் பொடியை மூக்குக்குக் கிட்டே காட்டினார். ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள், எந்த மொழியானாலும் சரி என்றார். "பந்து கையில் வந்தது, கை மூடவில்லை" என்று எழுதினேன். புதுப் பேனா, நல்ல பேனா. 'பந்து' என்ற சொல் பெரிதாக இருந்தது, 'மூடவில்லை' எறும்பு மாதிரி இருந்தது. தமிழ் தெரியாதவருக்கும் அது புரிந்தது.

பார்க்கின்சன் மாதிரிதான் தெரிகிறது என்றார். ஆரம்பக் கட்டம், மாத்திரைகள் இருக்கின்றன, உடற்பயிற்சி ரொம்ப முக்கியம். பல் வேலையைப் பற்றி அப்புறம் நிதானமாகப் பேச வேண்டும் என்றார். பந்து ஆடலாமா என்று கேட்டேன். "கையுறை போட்டுக்கிட்டு ஆடுங்க" என்றார். பகவதி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இந்த வருஷம் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "இது எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

ஏப்ரல் என்கிற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனை பேரிடம் சொல்லிப் பழகிய பதில்! வெயிலுக்காகப் போட்டுக்கொண்டு வந்திருந்த தொப்பி இன்னும் தலையில் இருந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஜனவரியில, பொங்கல் அன்னைக்குக் காலையில" என்றேன். "பானையில கரண்டி தட்டுச்சு."

டாக்டர் ஜனவரி என்று டைப் செய்தார். பொங்கல் என்றால் என்ன என்று கேட்டார். பகவதி சொல்ல ஆரம்பித்தாள், சொல்லிக்கொண்டே ஆடிக்கொண்டிருந்த தொப்பியை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.